விலாங்குகள் ஒதுங்கிய வாசல்

அந்த மின் நிலையத்தில் எல்லோரும் அவளை மீன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மீன் விற்றதும் இல்லை, பிடித்ததும் இல்லை. நகரத்தில் டர்பைன் செய்கிற தொழிற்சாலையில், வடிவமைப்புப் பிரிவில் இன்ஜினியர். குடியிருப்பு மட்டும் அணைக்குக் கீழே, நிலைய ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். புருஷனுக்கு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் வேலை. கொழுந்தன் அங்கேயே ஃபிட்டர். கூட மாமியார். வேலை, வீடு, சாப்பாட்டு நேரப் பேச்சு எல்லாமே டர்பைனைச் சுற்றித்தான்.

"அண்ணி வீட்லயும் பிளேடு, ஆபீஸ்லயும் பிளேடு. எங்களால தாங்க முடியலைம்மா," என்பான் கொழுந்தன். மாமியாருக்கு அந்தச் சிலேடை புரியாது. ஆனாலும் சிரிப்பாள். இளையவன் எதைச் சொன்னாலும் சிரிப்பாள்.

மீன்காரம்மா என்ற பெயர் வந்த கதை இது. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில், நிலையத்திலிருந்து தண்ணீர் வெளியேறுகிற பக்கமாக ஒருநாள் காலார நடந்து போனாள். போகும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. பறவைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால், கை நீளம், அதற்கும் மேலான நீளத்தில் விலாங்குகள், துண்டு துண்டாக மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குத் தலையும் ஒரு சாண் உடம்பும் மட்டும்தான் மிச்சம். அது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வருஷா வருஷம் இதே கூத்துதான் அண்ணி," என்றான் கூட வந்த கொழுந்தன். "முட்டை போட கடலுக்குக் கிளம்பி வருதுங்க. நடுவுல எங்க மிக்ஸி இருக்கு."

அந்த மிக்ஸியின் பிளேடுகள் போன்றவற்றைத்தான் பல வருஷமாக அவள் வரைந்துகொண்டிருந்தாள். விளிம்பு எவ்வளவுக்கெவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கவ்வளவு தண்ணீர் அலுங்காமல் பிரியும், மின்சாரமும் கூடும். அப்படித்தான் படித்திருந்தாள், அப்படித்தான் செய்தாள். கூர்மையாக வரைந்த நாட்களில் பாராட்டும் வாங்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பில்லை. பிளேடின் முன்விளிம்பு கத்தி மாதிரி இல்லாமல் கட்டைவிரல் மாதிரி மொத்தமாக, உருண்டையாக இருக்க வேண்டும். அப்போது அதற்கு முன்னால் தண்ணீர் ஒரு மெத்தை போலக் குவியும். வருகிற மீனை பிளேடு தொடுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் ஒதுக்கித் தள்ளிவிடும். ஐந்து பிளேடு இருந்த இடத்தில் மூன்று போதும். சுற்று கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். மீன் சிக்கி நசுங்குகிற இடுக்குகளையெல்லாம் அடைக்க வேண்டும். கேட்டால் சுலபம். மின்சாரத்தையும் விட்டுக்கொடுக்காமல் அதைச் செய்வதற்குள் அவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது.

நிலையத்தின் பொறுப்பதிகாரி முதல்முறை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் மேடம், மீனுக்கு சொகுசு பஸ் விடப் போறீங்களா?"

ஆனால் சட்டம் வந்தது. ஆற்று மீனைக் கொல்லும் நிலையங்கள் படிப்படியாக மாற வேண்டும் என்றார்கள். நிலையத்தில் இருந்த மூன்று மெஷின்களில் மூன்றாவதற்கு, அவள் வரைந்த மூன்று பிளேடு சக்கரம் வந்து இறங்கியது. முதல் மழைக்காலத்தில் அதன் வழியாகப் போன விலாங்குகள் மறுபக்கம் முழுசாக வெளியே வந்தன. வலையில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குக் கொழுந்தன் ஒரு விலாங்கைக் கையில் ஏந்தி, "டிக்கெட் வாங்கினியா?" என்று கேட்டான். அது வழுக்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பதிகாரிகூடக் கை கொடுத்தார். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

அடுத்த வருஷம் மெஷினை ஓட்டுகிற முறை மாறியது. வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு, அது குறையும்போது ஈடுகட்டவும் கூடும்போது ஒதுங்கிக்கொள்ளவும் அணை மின்சாரம்தான் தோதுப்பட்டது. மூன்றாவது மெஷின் புதுசு, சொன்னபடி கேட்கும் என்று, அதைத்தான் ஏற்றி இறக்கினார்கள். பெரும்பாலும் பாதி அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கண்ணாடி டம்ளர்கள்தான் பேச ஆரம்பித்தன. சமையலறை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் சில நேரங்களில் ஒன்றோடொன்று மெல்ல உரசும். கிணிகிணியென்று கொஞ்ச நேரம், பிறகு மௌனம். மாமியார் துணி மடித்து நடுவில் செருகி வைத்தாள்.

"ஏம்மா, வீடு மூச்சு வாங்குது," என்றாள் ஒருநாள். தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"லாரி ஏதாவது போயிருக்கும் அத்தை."

"லாரி போனா போய்த் தொலையும். இது நின்னு நின்னு வாங்குது."

அவள் குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரியும் இருந்தது. கொழுந்தனைக் கேட்டாள். அவன் தினமும் மூன்றாவது மெஷினின் குழிக்குள் இறங்குகிறவன். சக்கரத்துக்கு நேர் மேலே, வட்டமான இரும்பு மேல்மூடி இருக்கும். அந்த மூடிக்குக் கீழே முழு ஆற்றின் அழுத்தம். மூடியின் மேல்தான் ஆட்கள் நின்று வேலை பார்ப்பார்கள்.

"முனகுது அண்ணி," என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "முன்னாடி ஒரே மாதிரி பாடும். இப்ப நோவு கண்ட மாடு மாதிரி முனகுது. அளந்து பார்த்தாச்சு. மீட்டர் பச்சையிலதான் நிக்குது."

"பச்சைன்னா சரிதானே," என்றான் அவள் புருஷன். விதியை விட்டு இம்மி நகராத மனுஷன். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுவான், பச்சை எரிந்தால் உட்காருவான். அந்தக் குணத்தால்தான் அவனிடம் கட்டுப்பாட்டு அறையை நம்பி ஒப்படைத்திருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு கலங்கி, காபி நிறத்தில் வந்தது. விலாங்குகள் கிளம்புகிற காலம். மூன்றாவது மெஷினின் மறுபக்கத்தில் வலை கட்டி எண்ணிப் பார்ப்பதற்காக அவள் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு நிலையத்துக்கே வந்திருந்தாள். காலையிலிருந்து வலையில் ஒன்றும் விழவில்லை. இலை, சுள்ளி, ஒரு பிளாஸ்டிக் செருப்பு.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, அணைக்கு மேலே தண்ணீர் நுழைகிற இடத்தில் குப்பை வாருகிறவர் ஆள் அனுப்பினார். "மீன்காரம்மாவை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க."

மேலே போனாள். மூன்று மெஷினுக்கும் மூன்று வாசல்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பிகள். குப்பை நிற்கும், மீன் நுழையும். அவளுடைய மூன்றாவது வாசலுக்கு முன்னால் தண்ணீர் கறுப்பாக நெளிந்தது. முதலில் ஏதோ கொடி அடித்து வந்திருக்கிறது என்று நினைத்தாள். பிறகு கொடியில் கண்கள் தெரிந்தன.

விலாங்குகள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக, கயிற்றுப் பொதி மாதிரி. பகலில் மண்ணுக்குள் பதுங்குகிற ஜாதி. அது பட்டப்பகலில் கூட்டம் கூட்டமாக மேலே வந்து நின்றது. வாசலை நோக்கி வரும். சற்றுத் தள்ளியே, எதிலோ முட்டிக்கொண்ட மாதிரி சட்டென்று திரும்பும். மறுபடி வரும், மறுபடி திரும்பும். அங்கே சுவரும் இல்லை, வலையும் இல்லை. வெறும் தண்ணீர்.

"காலையிலேருந்து இப்படித்தான்," என்றார் குப்பை வாருகிறவர். "திரும்பி எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தாள். மூன்றாவது வாசலை வெறுத்துத் திரும்பிய விலாங்குகள் கரையோரமாக ஒதுங்கி, கொஞ்சம் தயங்கி, முதலாவது வாசலுக்குள்ளும் இரண்டாவது வாசலுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தன. அவை பழைய சக்கரங்கள். கத்தி விளிம்பு. கொல்லாத வாசலை அவள் கட்டி வைத்திருந்தாள். அதைவிடக் கொல்லும் வாசலே மேல் என்று மீன்கள் போயின. அணைக்குக் கீழே பறவைகள் கூச்சல் போட ஆரம்பித்திருந்தது இங்கே வரை கேட்டது.

குடையோடு வந்த பொறுப்பதிகாரியும் பார்த்தார். "என்ன மேடம், உங்க சொகுசு பஸ்ல ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்களே?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் போன பிறகும் அங்கேயே நின்றாள். போன வருஷம் இதே வாசல், இதே சக்கரம், இதே மழை. போன வருஷம் நுழைந்தன. இந்த வருஷம் எதற்குப் பயப்படுகின்றன?

நனைந்த நடைபாதையில் குப்புறப் படுத்தாள். குப்பை வாருகிறவர் பதறிப்போய் அவளுடைய புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டாள். குளிர். அப்புறம் அது வந்தது. நாடி பிடித்துப் பார்ப்பது போல, மெதுவாக, தடித்துத் தடித்து. ஒரு தள்ளல், ஒரு விடுதல். ஒரு தள்ளல், ஒரு விடுதல். காதில் விழாத அளவுக்கு மெதுவான துடிப்பு. விலாங்குக்குக் காது எதற்கு? உடம்பு பூராவும் அதற்குக் காதுதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குளிக்கிற தொட்டியில் தண்ணீர் வடியும்போது ஒரு சுழி விழுந்து ஆடுமே, அந்த மாதிரி மெஷின் பாதி அளவில் ஓடும்போது சக்கரத்துக்குக் கீழே ஒரு சுழி முறுக்கிக்கொண்டு ஆடும். எல்லா டர்பைனிலும் உள்ளதுதான். அவளுடைய மூன்று பிளேடு சக்கரத்தில் அது பழையதைவிடத் தடித்திருந்தது. முழு அளவில் ஓட்டித்தான் சோதித்திருந்தார்கள். மீட்டர் பொருத்தியிருந்தது தண்டு சுழல்கிற தாங்கியில். வேகமான நடுக்கத்தை அது பிடிக்கும். மூச்சு வாங்குகிற மாதிரியான இந்த ஆட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காது.

இவ்வளவு தண்ணீரையும் தாண்டி, எதிர்த்திசையில், இங்கே வந்து கையைத் தள்ளுகிறதென்றால், சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற மூடியை அது என்ன பாடு படுத்தும்? மாதக்கணக்காக?

மூடி பழசு. சக்கரத்தை மட்டும் மாற்றுவதாகத்தான் ஒப்பந்தம். மூடியை நிலையத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்று தொழிற்சாலை இருந்துவிட்டது, தொழிற்சாலை பார்த்திருக்கும் என்று நிலையம் இருந்துவிட்டது.

ஈரம் சொட்டச் சொட்டப் பொறுப்பதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், மூணாவது மெஷினை நிறுத்தணும். இப்பவே."

"எதுக்கு? மீன் வரலைன்னா?"

"மூடி போல்ட் தாங்காது சார். திறந்து பார்க்கணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து, மீட்டர் எண்களை மறுபடி வரவழைத்துப் பார்த்தார். "பச்சை மேடம். எல்லாமே பச்சை. மழையில ஊர் பூரா கரண்ட் கேக்கறாங்க. மேல இருக்கறவங்ககிட்ட நான் என்ன காரணம் சொல்றது? தண்ணியில கை விட்டுப் பார்த்தாங்க, துடிக்குதுன்னு சொன்னாங்கன்னா?" பிறகு சமாதானமாக, "கொஞ்சம் கசிவு இருக்குன்னு சொன்னாங்க. அதை அடைக்க உங்க கொழுந்தனைத்தான் குழிக்கு அனுப்பியிருக்கேன். அவர் வந்து சொல்லட்டும், பார்ப்போம்," என்றார்.

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறை வரைக்கும் எப்படிப் போனாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

புருஷன் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தரையெல்லாம் அவளுடைய ஈரக்கால் தடம்.

"ஏங்க, தம்பி குழியில இருக்கான். மூடி போகப் போகுது. மெஷினை இறக்குங்க."

"ஆபீசர் சொல்லிட்டாரா?"

"இல்லை."

அவன் மீட்டரைப் பார்த்தான். பச்சை. அவளைப் பார்த்தான். நனைந்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் வேலை விஷயத்தில் அவனிடம் ஒன்று கேட்டதில்லை.

"உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கிற வரைக்கும் அவன் அங்க நிக்க வேண்டாம்."

அவன் குழிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. காதடைப்பு போட்டிருப்பவனுக்கு எங்கே கேட்கும்?

"தண்ணியைப் பட்டுனு நிறுத்திடாதீங்க," என்றாள் அவள். "ஒரேயடியா மூடினா அந்த அடியும் மூடி மேலதான் விழும். கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. தண்ணி நுழையற மேல்வாசல் கதவையும் சேர்த்து இறக்குங்க. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"நீ போகாதே. நான்..."

"நீங்க எழுந்தா இதை யாரு பார்க்கறது?"

படியில் இறங்கிவிட்டாள். பின்னால் அவன் சுவிட்சை அழுத்துகிற சத்தமும், எச்சரிக்கை மணியும் கேட்டன. யாரிடமும் உத்தரவு கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அது.

கீழே போகப் போக அந்த முனகல் நெஞ்சுக்குள் இறங்கியது. பல்லெல்லாம் கூசியது. குழியின் இரும்புக் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் மூடியின் மேல் மண்டியிட்டிருந்தான். சுற்றிலும் கணுக்கால் தண்ணீர். தோளைத் தட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. கையில் எதையோ வைத்திருந்தான். முஷ்டி அளவுக்கு ஒரு போல்ட்டின் தலை.

"அண்ணி, ஸ்பேனரை வைச்சேன். இது கையோட வந்துடுச்சு," என்றான். "இந்தப் பக்கம் எதுவுமே பிடிக்கலை."

அவள் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கருவிப்பையை எடுக்கக் குனிந்தான். "விடு!" என்று கத்தினாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கதவைத் தாண்டி, முதல் படியில் கால் வைத்தபோது மூடி தூக்கிக்கொண்டது. வெடிச் சத்தம் என்று எதுவும் இல்லை. யாரோ பூமிக்கு அடியில் ஒருமுறை இருமியது போல இருந்தது. பிறகு தண்ணீர். குழியிலிருந்து ஒரு தூண் போல எழுந்து, கூரையில் மோதி, தரையில் பதித்திருந்த இரும்புத் தகடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பறக்க விட்டது. ஒரு தகடு கொழுந்தனின் இடது காலில் வந்து இறங்கியது. விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் அவனுடைய அக்குளில் கை கொடுத்து, படி படியாக அவனை இழுத்தாள். தண்ணீர் பின்னாலேயே படியேறி வந்தது. அவர்கள் ஒரு படி ஏறினால் அதுவும் ஒரு படி ஏறியது. பிறகு மெல்லத் தளர்ந்து, நின்றது. மேல்வாசல் கதவு முழுதாக இறங்கியிருந்தது. கதவு மட்டும் அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தால், அந்தப் படிக்கட்டு முழுக்க ஆறாகியிருக்கும்.

கொழுந்தனின் பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது, "அண்ணன் வேலை போச்சா?" என்றுதான். போகவில்லை. ஆனால் விசாரணை முடிந்ததும் அண்ணனே அந்த நாற்காலி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். பச்சை விளக்கைப் பார்த்தால் கை வியர்க்கிறது என்றான்.

உடைந்த போல்ட்டுகளை எடுத்து அடுக்கினார்கள். முக்கால்வாசிக்கு மேல் உள்ளுக்குள் எப்போதோ விரிசல் கண்டு, துருவேறி, ஓரத்து விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள். மறுநாள் காலை ஷிப்டில் அந்தக் குழியில் ஏழெட்டுப் பேர் இறங்குவதாக இருந்தது. பொறுப்பதிகாரி அந்தப் போல்ட்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

வீட்டில் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மட்டும், சோறு போடும்போது, "உன் சக்கரம் என் பிள்ளையைக் கடிச்சிடுச்சு," என்றாள். அக்கம்பக்கத்தவர்கள், "உங்க மருமக போகலைன்னா உடம்புகூடக் கிடைச்சிருக்காது," என்றார்கள். இரண்டுமே உண்மை. அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

அவளுடைய சக்கரம் இன்னும் இரண்டு நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரமே இரண்டுக்கும் போனாள். ஒன்றில் நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவளைக் கொஞ்சம் கேலியாகவே வழியனுப்பினார்கள். மற்றதில் திறந்து பார்த்தவர்கள் யாரும் கேலி செய்யவில்லை. அங்கே மூடிக்கு மேலே, வெயிலுக்கு ஒதுக்கமாக இருக்கிறதென்று, மத்தியானத்தில் ஆட்கள் படுத்துத் தூங்குவது வழக்கமாம்.

இப்போது அவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். சக்கரமும் மூடியும் ஒரே கையில் வடிவமைக்கப்பட வேண்டும், பாதி அளவிலும் ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். சோதனைக்கூடத்தில் சின்ன மாதிரிச் சக்கரம், கண்ணாடி வாய்க்கால், அதில் உயிருள்ள விலாங்குகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொழுந்தனுக்குக் கிடைத்தது. செயற்கைப் பாதத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தீனி போடுவான், ஒவ்வொன்றையும் மாமா, மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிடுவான். குழியில் வேலை பார்த்த காலத்து அவனுடைய சத்தமான சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

போன வாரம் புதுச் சக்கரத்தின் மாதிரியைப் பாதி அளவில் ஓடவிட்டார்கள். மீட்டர்கள் எல்லாம் அமைதி. உதவியாளர்கள் கைதட்டத் தயாராக நின்றார்கள். அவள் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன தம்பி?"

கொழுந்தன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். சக்கரத்தை விட்டு விலகி, வாய்க்காலின் மறுகோடியில் விலாங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன.

"ஒருத்தன்கூட நகரலை அண்ணி."

அவள் மோட்டாரை அணைத்துவிட்டு, வரைபடத்தை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள்.